டாஸ்க்பாரைத் தின்ற டிவி

கிராபிக்ஸ் கார்டையும் எச்டி டிவியையும் ஒரு வயரில் இணைத்தால் போதும் என்கிறார்கள். இணைத்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். உப்புக்காற்று அடிக்கும் பெரியதாழை மாதிரியான கரையூரில் அது இரட்டைத் தலைவலி. காரணம் என்ன, தீர்வு எங்கே?

கம்ப்யூட்டர் வாங்கக் கணக்குப் போடும் வீடுகளில் முதலில் அடிபடுவது மானிட்டர்தான். ‘ஹால்லதான் 43 இன்ச் டிவி மாட்டியிருக்கே, அதுலயே பாத்துக்கிடலாம்’ என்று தீர்ப்பாகிவிடும். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், சாத்தான்குளம் வட்டத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியதாழையிலும் கணக்கு வேறு மாதிரி இருக்க வழியில்லை. படகும் எஞ்சினும் வலையும் டீசலும் காசை விழுங்குகிற தொழில். அதில் மிச்சம் பிடித்து, காலேஜ் போகும் பிள்ளைக்கு கிராபிக்ஸ் கார்டு வைத்த கம்ப்யூட்டர் வாங்கித் தருவதே பெரிய காரியம். இருக்கிற திரையை விட்டுவிட்டு இன்னொரு திரைக்கு யார் செலவழிப்பார்கள்?

எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் படம் வந்துவிடும். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கீழே டாஸ்க்பார் பாதி காணோம். விண்டோவை மூடும் பெருக்கல் குறி மேல் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும். எழுத்துகள் கலங்கல். சிவப்பு எழுத்தென்றால் ஓரம் கசிகிறது. இருட்டுக் காட்சி வந்தால் திரை முழுக்க மை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. சத்தம் வரவே இல்லை. வயரைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது.

உடனே கார்டைத் திட்டுவோம், இல்லையென்றால் டிவியை. பெரும்பாலும் இரண்டுமே நல்ல நிலையில்தான் இருக்கும். தனக்குள் வருவது இன்னமும் ஒளிபரப்புதான் என்று டிவி நம்பிக்கொண்டிருப்பதுதான் சங்கதி. ஆன்டெனா காலத்தில் பழகிய பழக்கங்களை அது எல்இடி காலத்திலும் விடவில்லை. ‘இப்போது நீ மானிட்டர்’ என்று அதற்கு உரிய மெனுவில் சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். மீதி உப்பும் எர்த்தும்.

இலங்கையிலிருந்து வந்த படம்

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள இந்தக் கரையின் டிவி கதையே போதும். சென்னைத் தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலை இவ்வளவு தெற்கே எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தத் தீவின் உச்சிச் சிகரமான, 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலையில் அதன் கோபுரம். நடுவில் மன்னார் வளைகுடா. மறைக்க மலையுமில்லை, மரமுமில்லை. வெதுவெதுப்பான கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காகப் படியும் நாள்களில், மேலே போக வேண்டிய அலை வளைந்து நீர்ப்பரப்பை ஒட்டியே வெகுதூரம் ஓடும். தென் தமிழகக் கரையோரத்தில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி அந்தப் பக்கம் திருப்பி வைத்தவர்களுக்கு ரூபவாஹினி கிடைத்தது. இரு நாடுகளுமே பால் (PAL) என்ற வண்ண முறையில், 625 கோடுகளில் ஒளிபரப்பியதால் இங்கே வாங்கிய டிவியிலேயே அதைப் பார்க்க முடிந்தது.

காற்று மாறினால் படமும் மாறும். புள்ளிப்புள்ளியாக மழை பெய்யும், ஓரம் நெளியும், வண்ணம் மங்கும். டிவி செய்தவர்கள் அப்படிப்பட்ட நலிந்த சிக்னலைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். புள்ளியை அழிக்க ஒரு சுற்று, ஓரத்தைக் கூராக்க ஒரு சுற்று, வண்ணத்தைத் தூக்கிக் காட்ட ஒரு சுற்று என்று உள்ளே சேர்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் கொடைக்கானல் கோபுரம் வந்தது, கேபிள் வந்தது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இன்ச் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. டிவியும் கம்ப்யூட்டரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தன. அவற்றை இணைத்துப் பார்க்கிற ஆசை வந்ததில் வியப்பில்லை.

உண்மையில் வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்ததே டிவியில்தான். 1982ல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் ஆன்டெனா சாக்கெட்டில்தான் செருகப்பட்டது. இந்தியப் பள்ளிகளுக்கு 1984ல் கம்ப்யூட்டர் கொண்டுபோன ‘கிளாஸ்’ திட்டத்தின் பிபிசி மைக்ரோவையும் டிவியில் மாட்டலாம். தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் விளையாடிய கேசட் வீடியோ கேமும் அப்படித்தான். எழுத்தையும் எண்ணையும் நாளெல்லாம் பார்ப்பவர்களுக்கு அந்தப் படம் போதவில்லை. கம்ப்யூட்டர் தனக்கென மானிட்டர் வைத்துக்கொண்டு பிரிந்தது. 1987ல் ஐபிஎம் கொண்டுவந்த 15 கால் விஜிஏ சாக்கெட் அந்தத் தனிக்குடித்தனத்தின் அடையாளம். 2002 டிசம்பரில் சோனி, பானாசோனிக், தோஷிபா, பிலிப்ஸ் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் எச்டிஎம்ஐ விதிமுறையை வெளியிட்டபோது இரண்டும் மறுபடி ஒன்றாயின. வயர் ஒன்றானது, வழக்கம் ஒன்றாகவில்லை.

ஓரம் வெட்டும் பழக்கம்

டாஸ்க்பார் எங்கே போனது? அதைத் தின்றது டிவிதான். தொழிலில் இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

பழைய பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாகப் படத்தை வரையும். ஓரங்கள் ஒருபோதும் நேராக வராது. வோல்டேஜ் இறங்கினால் படமே சுருங்கும். சுற்றிலும் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவாரே! அதனால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். நிலையத்தாரும் அது தெரிந்து, எழுத்துகளை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியே போட்டார்கள். எல்லோரும் உடன்பட்டுச் செய்துவந்த ஏற்பாடு.

எல்இடி திரையில் ஓரம் நெளியாது, வோல்டேஜுக்குச் சுருங்காது. ஆனாலும் பல டிவிகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஐந்து விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் எச்டி படத்தின் உயரம் 1,080 புள்ளிகள். ஐந்து விழுக்காடு போனால் மேலே 27, கீழே 27. விண்டோஸ் 10ன் டாஸ்க்பார் உயரம் 40 புள்ளி. அதில் 27 போனால் மிஞ்சுவது மேலே 13 புள்ளிக் கீற்று. படம் ஓடும்போது யாருக்கும் தெரியாத இழப்பு, கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனையே முழுங்கிவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. மிஞ்சிய படத்தைத் திரை முழுக்க இழுத்துக் காட்டுவதால், கார்டு அனுப்பும் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் உட்காராது. பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து வரும். எழுத்து கலங்குவதில் பாதி இதனால்.

மாற்றும் இடம் ரிமோட்டில் இருக்கிறது. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, ஷார்ப்பில் ‘டாட் பை டாட்’. பிக்சர் சைஸ், ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற தலைப்புகளுக்குள் தேட வேண்டும்.

முதலில் டிவியில் மாற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வார்கள்: டிவி வெட்டுகிறதே என்று என்விடியா கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப்பைச் சுருக்குவார்கள். கார்டு சுருக்க, டிவி பெருக்க, எழுத்து இரண்டு முறை கசங்கும். ஏஎம்டி கார்டுகளில் எதிர்மாறான தொல்லையும் உண்டு. டிவி எப்படியும் வெட்டும் என்று எண்ணி கார்டே முன்கூட்டிப் படத்தைச் சுருக்கி அனுப்பும். வெட்டாத டிவியில் சுற்றிலும் கறுப்புப் பட்டை விழும். அதன் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற பட்டையைப் பூஜ்யத்துக்குத் தள்ளினால் படம் நிறைந்துவிடும்.

வயருக்குள் ஓர் ஆதார் அட்டை

வயரைச் செருகிய நொடியில், படம் வருவதற்கு முன்பே ஒரு பேச்சுவார்த்தை நடந்து முடிகிறது. எச்டிஎம்ஐ முனையில் 19 கால்கள். 18ஆவது கால் வழியாக கார்டு 5 வோல்ட் அனுப்புகிறது. ‘நான் வந்துவிட்டேன்’ என்று 19ஆவது காலில் டிவி பதில் சொல்கிறது. பிறகு 15, 16ஆம் கால்கள் வழியாக கார்டு ஒரு சின்னக் கோப்பைப் படிக்கிறது. ஈடிஐடி எனப்படும் அது டிவியின் ஆதார் அட்டை: கம்பெனி, மாடல், ஏற்கும் அளவுகள், விநாடிக்கு எத்தனை படம், சத்தம் உண்டா என எல்லாம் அதில் எழுதியிருக்கும். கார்டு அதைப் பார்த்துத்தான் எதை அனுப்புவது என்று முடிவு செய்கிறது.

அட்டையிலேயே தகவல் குழப்பமாக இருந்தால்? நம் ஊர்களில் நிறைய விற்ற 32 இன்ச் ‘எச்டி ரெடி’ டிவிகளின் கதை அதுதான். அவற்றின் பேனலில் இருப்பது 1366 பெருக்கல் 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளி. ஒளிபரப்பு உலகில் அப்படி ஓர் அளவே கிடையாது. அங்கே 720 கோடு, இல்லையென்றால் 1,080 கோடு. ஆகவே டிவி தன் அட்டையில் 720ஐயும் 1,080ஐயும் எழுதிக்கொண்டு, சொந்த அளவைச் சொல்லாமல் விட்டுவிடும். கார்டு 1,080 அனுப்பும். இருபது லட்சத்து எழுபதாயிரம் புள்ளிகளைப் பத்தரை லட்சத்தில் அடைக்கப் பார்க்கும் டிவி. தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் அந்த நெரிசலில்தான் காணாமல் போகின்றன. டிவி ஏற்றுக்கொண்டால் கார்டின் செட்டிங்ஸில் 1360 பெருக்கல் 768 வைத்துப் பாருங்கள். 1366 எட்டால் வகுபடாது என்பதால் கார்டுகள் அதை 1360 என்று பிடித்துக்கொள்வது வழக்கம்.

4கே டிவியில் சிக்கல் வேறு. அதற்கு ஒரு படத்துக்கே சுமார் 83 லட்சம் புள்ளி. 2009ல் வந்த எச்டிஎம்ஐ 1.4ஆல் 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைதான் முழு வண்ணத்தோடு அனுப்ப முடியும். மவுஸ் தத்தித் தத்திப் போவது அதனால்தான். 2013ல் வந்த 2.0 அதை 60 ஆக்கியது. 2017ல் வந்த 2.1, 120 வரை தாங்கும். புது டிவியிலும் எல்லாத் துவாரமும் ஒரே தரத்தில் இருக்காது. இருக்கும் நல்ல துவாரத்தையும் கம்பெனி பழைய பெட்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று பூட்டியே அனுப்பும். எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்ற பெயர்களில் அந்தப் பூட்டைத் திறக்கலாம்.

அலை வரைபடத்தில் தொலையும் நீலம்

பெரியதாழைக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் எதைப் பார்ப்பார்? படம், பாட்டு, பிள்ளையின் பாடம் எல்லாம் இருக்கும். அதோடு கடலும் இருக்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டிக் கணித்து வரைபடமாகப் போடுகிறது. காற்றே இல்லாமல் தொலைவிலிருந்து கிளம்பி வந்து கரையை ஏறும் கள்ளக்கடலுக்கு 2024 மே மாதம் தென் தமிழகக் கரைக்கு எச்சரிக்கை வந்தது நினைவிருக்கலாம். அந்த வரைபடங்களில் அலையின் உயரம் நிறத்தின் அடர்த்தியில்தான் தெரியும். ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் படம் போட்டுப் பயனில்லை.

இங்கே இரண்டு பழக்கங்கள் குறுக்கே வருகின்றன. முதலாவது, கறுப்பின் எல்லை. கம்ப்யூட்டரில் முழுக் கறுப்பு என்றால் 0, முழு வெள்ளை என்றால் 255. எண்பதுகளின் தொடக்கத்தில் டிஜிட்டல் வீடியோவுக்கு விதி எழுதியவர்கள், சிக்னல் எல்லை தாண்டித் துள்ளினாலும் வெட்டுப்படக் கூடாது என்று மேலும் கீழும் இடம் விட்டு, 16ஐக் கறுப்பாகவும் 235ஐ வெள்ளையாகவும் வைத்தார்கள். டிவி இன்றும் அந்த விதிப்படியே பார்க்கும். கார்டு 0 முதல் 255 வரை அனுப்பி, டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால், அடர்ந்த சாயல்கள் எல்லாம் ஒரே கறுப்பில் மூழ்கிவிடும். இது தலைகீழானால் கறுப்பு சாம்பலாகி, திரையில் வெள்ளைப்புகை படிந்த மாதிரி இருக்கும். எந்த எல்லை என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒரே எல்லையில் இருப்பதுதான் முக்கியம். என்விடியாவில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ என்ற இடத்தில் ‘ஃபுல்’ வையுங்கள். டிவியில் ‘பிளாக் லெவல்’ என்றோ ‘வீடியோ ரேஞ்ச்’ என்றோ இருப்பதை அதற்கு ஒத்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, வண்ணச் சிக்கனம். கறுப்பு வெள்ளைப் படத்தின் முதுகில் பிறகு ஏற்றிவிடப்பட்டதுதான் வண்ணம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகப் பிடிக்கும், வண்ண வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதைப் பயன்படுத்தி நான்கு புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் என்று பங்கு வைத்து அனுப்புவதை 4:2:0 என்பார்கள். முகத்தையும் கடலையும் காட்டும்போது வித்தியாசம் தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்புத் தமிழ் எழுத்தைப் போட்டுப் பாருங்கள். ‘ணூ’வும் ‘ஞூ’வும் கரைந்து சேறாகிவிடும். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஒவ்வொரு புள்ளிக்கும் தனி வண்ணம், அதாவது 4:4:4. கார்டு அதை அனுப்பினாலும், பல டிவிகள் உள்ளே வந்ததும் பழைய பழக்கப்படி பங்கு வைத்துவிடும்.

‘பழுது டிவில இல்ல தம்பி’

சாத்தான்குளத்திலோ திசையன்விளையிலோ டிவி பழுதுபார்க்கும் கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழ வாய்ப்புண்டு.

“அண்ணாச்சி, புது டிவிதான். கம்ப்யூட்டர் போட்டா எழுத்தச் சுத்தி வெள்ளையா நிழலு நிக்கி.”

“பழுது டிவில இல்ல தம்பி. ஷார்ப்னஸ் எம்புட்டு வச்சிருக்க?”

“கம்பெனில வச்சது அப்பிடியேதான் கெடக்கு.”

“அதான் சங்கதி. அதப் பூரா கொற. பொறவு எச்டிஎம்ஐக்குப் பேரு மாத்தி ‘பிசி’ன்னு வையி.”

பெயர் மாற்றுவது சும்மா அடையாளத்துக்கு என்றுதான் நினைப்போம். சாம்சங், எல்ஜி டிவிகளில் இன்புட்டின் பெயரையோ ஐகானையோ ‘பிசி’ என்று மாற்றினால், உள்ளே இருக்கும் வேலைத்திட்டமே மாறிவிடும். புள்ளியை அழிக்கும் சுற்று, கூராக்கும் சுற்று, அசைவை வழவழப்பாக்கும் சுற்று எல்லாம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். வண்ணம் 4:4:4 ஆக முழுதாக வரும். சோனியில் ‘கிராபிக்ஸ்’ அல்லது ‘கேம்’ என்ற பிக்சர் மோடு இதைச் செய்கிறது. ஷார்ப்னஸ் சாம்சங், எல்ஜியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சோனியில் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் மங்கும். இலங்கைக் கோபுரத்திலிருந்து நலிந்து வந்த படத்தைக் கூராக்க அந்தச் சுற்று வேண்டியிருந்தது. கார்டிலிருந்து துல்லியமாக வரும் எழுத்தின் மேல் அதே சுற்று வேலை செய்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் மிச்சம்.

மவுஸ் பின்தங்குவதும் இந்தச் சுற்றுகளால்தான். ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து மெருகு போட்டுவிட்டு அனுப்பும் டிவியில், கை அசைந்து கண் பார்ப்பதற்குள் 100 மில்லி விநாடி வரை போய்விடும். விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் ஆறு படம் பின்னால் இருக்கிறீர்கள். ‘கேம் மோடு’ போட்டால் பல டிவிகளில் அது 20க்கும் கீழே இறங்கிவிடும்.

சத்தம் வரவில்லையா? டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வெளியீட்டு இடமாக டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. பழைய கார்டு என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏஎம்டியின் ரேடியான் எச்டி 2000 வரிசை 2007ல் வந்தபோது சத்தத்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. அதே காலத்து என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டுகள் பலவற்றுக்கு மதர்போர்டிலிருந்து தனியாக ஒரு சின்ன வயர் இழுத்துக் கொடுத்தால்தான் எச்டிஎம்ஐயில் சத்தம் போகும். செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்குபவர்கள் அந்த வயரையும் கேட்டு வாங்குவது நல்லது.

உப்பும் எர்த்தும்

இதுவரை சொன்னது மதுரைக்கும் பொருந்தும், மதராசுக்கும் பொருந்தும். கரையூரின் சங்கதி தனி. பெரியதாழையில் அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். காற்றைத் தடுக்க எதைப் போடுவது? அலை உடையும்போது கிளம்பும் நுண்துளி காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. நீர் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். அந்த உப்பு மறுபடி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆடிக்காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் தூசியும் சேர்ந்தால் கம்ப்யூட்டர் ஃபேனுக்கு வேறு எதிரி வேண்டாம்.

எச்டிஎம்ஐ முனையின் அகலம் 14 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் 19 கால்கள். செம்பின் மேல் நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய தங்க முலாம். அடிக்கடி கழற்றி மாட்டியதில் முலாம் தேய்ந்த இடத்தில் உப்பீரம் புகுந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். எந்தக் காலில் களிம்பு என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். 15, 16இல் என்றால் கார்டால் ஆதார் அட்டையைப் படிக்க முடியாது; நல்ல ஃபுல் எச்டி டிவியில் 640 பெருக்கல் 480 என்று பொம்மைப் படம் வரும். 19இல் என்றால் படம் வந்து வந்து போகும். படம் சுமக்கும் கால்களில் என்றால் திரையில் வெள்ளைப் பொறிகள் மின்னும். டிவி போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கான்டாக்ட் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ தொட்ட மெல்லிய பிரஷ் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்ச முலாமும் போய்விடும்.

தங்க முலாம் போட்ட விலையுயர்ந்த வயரால் படம் கூடுதல் அழகாகிவிடாது. டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுதாக வரும், கெட்டால் கண்ணுக்குத் தெரியும்படி கெடும். இந்தக் கரையில் முலாமின் வேலை களிம்பைத் தள்ளிப்போடுவது மட்டுமே. ஃபுல் எச்டிக்குச் சாதாரண ஹை ஸ்பீடு வயரே போதும். 4கே 60க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’, 4கே 120க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பயன்படுத்தாத துவாரங்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். சிபியுவைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்தே போடாமல் அவ்வப்போது ஓடவிட்டால், அந்தச் சூட்டில் உள்ளே தங்கும் ஈரம் காயும்.

அடுத்தது அந்தச் சுர். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி உடம்பில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். கசியும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் விரலில் சுர்ரென்பதோடு போகும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் வயரை, கேபிள்காரரின் கோஆக்சியல் வயர் மாட்டிய டிவியில் செருகும் நொடியில், அந்த மிதக்கும் மின்சாரம் முனையில் பொறியாக இறங்கும். எச்டிஎம்ஐ சிப் ஐந்து வோல்ட்டுக்குப் பழகியது, கருகிவிடும். ‘ஒரு எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யல’ என்று வரும் டிவிகளில் இதுவும் ஒரு காரணம்.

கடற்கரை மணலில் எர்த் போடுவது லேசான வேலை இல்லை. மேல்மணல் காய்ந்துவிட்டால் மின்சாரம் கடத்தாது. ஈரம் எட்டும் ஆழத்துக்குப் பைப் இறங்க வேண்டும். இறங்கிய இரும்பை அதே உப்பீரம் அரிக்கும். ஆகவே ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடாமல், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்வது நல்லது. எர்த் காலை ஒடித்துவிட்டு டூ பின்னில் மாட்டும் பழக்கம் எந்த வீட்டிலும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியிலும் வரும்.

செருகும் வரிசை

1. கம்ப்யூட்டர், டிவி இரண்டையும் சுவிட்சில் அணையுங்கள். கேபிள் வயரைக் கழற்றுங்கள்.

2. சிபியுவின் பின்னால், மேலே மதர்போர்டின் துவாரங்கள்; கீழே குறுக்குவாட்டில் கிராபிக்ஸ் கார்டின் துவாரங்கள். கீழே இருப்பதில் செருகுங்கள். மேலே செருகினால் காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கும்.

3. கார்டில் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ மாற்றி வாங்கலாம். சின்ன மாற்றிகள் ஒருவழிப் பாதை. திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

4. வயர் மாட்டியபின் சுவிட்ச் போடுங்கள். டிவியில் இன்புட் பெயரை ‘பிசி’ ஆக்கி, ஓவர்ஸ்கேனை நிறுத்தி, ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

5. கம்ப்யூட்டரில் பேனலின் உண்மையான அளவு, 60 ஹெர்ட்ஸ், ஃபுல் ரேஞ்ச். பிறகு விண்டோஸின் கிளியர்டைப் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். சில டிவி பேனல்களில் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கும், எழுத்தோரம் வண்ணம் அடிக்கும்.

யார் செய்ய வேண்டிய வேலை?

இவ்வளவு வேலையும் வாங்கியவர் தலையில் ஏன் விழ வேண்டும்? வருவது எழுத்தும் படமுமா, சினிமாவா, விளையாட்டா என்று சொல்ல எச்டிஎம்ஐ 1.4இலேயே ஒரு குறிப்புக்கு இடம் இருக்கிறது. கறுப்பின் எல்லை எது என்று சொல்லவும் இடம் உண்டு. கார்டு சொல்லலாம், டிவி கேட்டு நடக்கலாம். கூடுதல் செலவும் இல்லை. பல டிவிகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஷோரூமில் பளபளக்கும் மலரையும் மயிலையும் பார்த்துத்தான் நாம் பில் போடுகிறோம் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். அங்கே எழுத்தைப் படித்துப் பார்த்து டிவி வாங்குவோர் குறைவு.

கேட்டால் மாறும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. டிவி தாமதிக்கிறது என்று கேம் விளையாடுவோர் உலகெங்கும் வருடக்கணக்கில் சத்தம் போட்டார்கள். எச்டிஎம்ஐ 2.1இல், கேம் பெட்டியை மாட்டியதுமே டிவி தானாகக் கேம் மோடுக்குப் போகும் வசதி வந்துவிட்டது. அவர்கள் மெனுவுக்குள் தேட வேண்டியதில்லை. பாடம் படிக்கவும், கணக்கு எழுதவும், கடல் வரைபடம் பார்க்கவும் அதே டிவியை நம்பியிருக்கும் வீடுகள் இன்னும் அப்படிக் கேட்கவில்லை. அடுத்த டிவி வாங்கப் போகும்போது வீட்டிலிருக்கும் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் தமிழ் படித்துப் பாருங்கள், பிசி மோடு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் அவர் கம்பெனி ஆளைக் கேட்பார். கேம் மோடும் அப்படிக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.